பதினொரு பாகைச் சாய்வு

ரெஜிலா கையெழுத்திட மறுத்துவிட்டாள்.

கேள்விப் பதிவேட்டில் அதுவரை எவரும் மறுத்ததில்லை. ‘அலைவாய்’க் கப்பலின் சைகை அறையில் பதினோரு ஆண்டுகளாக அந்தப் பதிவேட்டைக் கையாண்டுவரும் ஹெப்சிபா, பேனாவை அவளிடம் நீட்டியபடியே சிறிது நேரம் நின்றார். பிறகு அதை மேசைமேல் வைத்தார். பதிவேட்டின் ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து கட்டங்கள் இருந்தன: கேள்வி, வந்த ஒளி, அதன் பொருள், பதில் தந்தவர், கேட்டவரின் கையொப்பம். கேட்டவர் பதிலைத் தம் கண்ணால் படித்துக் கையொப்பமிட்ட பின்னரே ஒரு கேள்வி முடிந்ததாகக் கொள்ளப்படும். அது முடியும்வரை அடுத்த கேள்வியைக் கேட்கக் கூடாது. இவ்விதியை எழுதியவரும் ஹெப்சிபாதான்.

“இது அவிய சொன்ன பதில் இல்ல, மேடம்,” என்றாள் ரெஜிலா. “நா போட மாட்டேன்.”

அவளுடைய கணவன் தஸ்நேவிஸ், அப்போது அவர்களுக்கு நேர் கீழே ஆயிரத்து நூறு மீட்டர் ஆழத்தில் இருந்தான். தூத்துக்குடிக்குத் தென்கிழக்கே, கரையிலிருந்து ஐந்து மணி நேரப் பயணத் தொலைவில், கடற்படுகைமீது ‘நித்திலம்’ என்னும் எஃகுக் கூடு அமர்ந்திருந்தது. படுகையில் உறைந்து கிடக்கும் எரிவாயுவை அளந்தறிவதற்காக எட்டுப் பேர் அதனுள் மூன்று மாதம் தங்குவர். அவர்கள் ஏறியதும் அடுத்த எண்மர் இறங்குவர். தஸ்நேவிஸ் கூட்டின் பொறிகளைப் பழுதுபார்ப்பவன். ரெஜிலா மேலே கப்பலின் சமையலறைக்குப் பொறுப்பாளி. புருசனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் இவ்வளவு தண்ணீர் நிற்கிற குடும்பம் உலகத்திலேயே தங்களுடையது ஒன்றுதான் என்று அவள் சொல்லிச் சிரிப்பதுண்டு.

அன்று செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குக் கடற்படுகை நடுங்கியது. கப்பலையும் கூட்டையும் இணைத்த வடத்தினுள் மின்கம்பிகளும் பேச்சுக் கம்பிகளும் அறுந்தன. முடியைப் போல் மெல்லிய கண்ணாடி இழை ஒன்று மட்டும் தப்பியது.

அத்தகைய வேளைக்கென்றே நித்திலத்தில் ஒரு கைவிளக்கு வைக்கப்பட்டிருந்தது. அதற்கு மின்சாரம் தேவையில்லை. ஒருவர் கைப்பிடியைச் சுழற்றினால் எரியும். விளக்கின் முன்னால் ஒரு தகடு உண்டு. தகட்டை நிமிர்த்தி வைத்தால் ஒளியின் அதிர்வு செங்குத்தாக நிற்கும். படுக்க வைத்தால் கிடையாகக் கிடக்கும். பள்ளிப் பாடத்தில் தளவிளைவு என்று படிப்போமே, அதுதான். நிற்கும் ஒளி ‘ஆம்’. கிடக்கும் ஒளி ‘இல்லை’. மேலே சைகை அறையில் ஒரு முள் அதைக் காட்டும். விளக்கை எரித்தால் ஆம், அணைத்தால் இல்லை என்று எளிமையாக வைத்திருக்கலாமே என்று புதிதாக வருவோர் கேட்பதுண்டு. இருள் பதிலாகாது என்பது ஹெப்சிபாவின் மறுமொழி. இருள் என்றால் ‘இல்லை’ என்றும் கொள்ளலாம், விளக்கு பழுது என்றும் கொள்ளலாம், சுழற்றும் கை ஓய்ந்துவிட்டது என்றும் கொள்ளலாம். ஆகவே இரண்டு பதிலும் ஒளியாகவே வர வேண்டும்.

மேலிருந்து கீழே பேசுவதில் தடையில்லை. கப்பலின் அடியிலுள்ள ஒலிபெருக்கி மனிதக் குரலை நீரின் வழியே அனுப்பும். கூட்டின் எஃகுச் சுவரே அதை உள்ளே ஒலிக்கச் செய்யும். கீழிருந்து மேலே மட்டும் அந்த ஒளியைத் தவிர வேறு வழியில்லை. கைப்பிடியைச் சுழற்றுபவருக்கு மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் காற்று குறையும் என்பதால், ஒரு நாளைக்கு ஆறு கேள்விக்கு மேல் கேட்கக் கூடாது என்பதும் விதி.

முதல் ஐந்து கேள்விகளைக் கேப்டன் சிவசைலம் கேட்டார். எட்டுப் பேரும் உயிருடன் இருக்கிறீர்களா என்று முற்பகல் பத்தரை மணிக்கு அவர் கேட்டபோது சைகை அறையில் எல்லாரும் முள்ளையே பார்த்தார்கள். முள் எழுந்து நின்றது. ஆம். நாளை மாலைவரை காற்று போதுமா என்பதற்கும் ஆம். கூட்டுக்குள் நீர் புகுகிறதா என்பதற்கு முள் படுத்தது. யாருக்கேனும் காயம் உண்டா என்பதற்கும் படுத்தது. மீட்புக் கப்பல் நாளை மாலை வந்து சேரும், அதுவரை காத்திருக்க முடியுமா என்ற ஐந்தாவது கேள்விக்கு முள் மீண்டும் நிமிர்ந்தது.

ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் கேப்டன், மகிழ்ச்சி என்று ஒலிபெருக்கியில் கீழே சொன்னார். கூட்டின் அடியிலுள்ள எடைகளைக் கப்பலிலிருந்தே விடுவித்து அதனை உடனே மிதக்கவைக்க அவரால் முடியும். கூட்டினுள் இருப்பவர்களால் முடியாது. அச்சத்தில் ஒருவர் இழுத்துவிடக் கூடாதென்று அந்த விசையைக் கீழே வைக்கவில்லை. ஆனால் வடம் வலுவிழந்த நிலையில், வழிகாட்டலின்றி ஏறும் கூடு கப்பலின் அடியில் மோதிப் பிளக்கலாம். காத்திருக்க முடியும் என்று அவர்களே சொன்னபின் அந்த ஆபத்தைத் தேடிக்கொள்வதில் பொருளில்லை. எட்டுப் பேரும் நலம் என்று கரைக்குச் செய்தி போயிற்று. கரையில் எட்டுப் பெயர்களையும் வாசித்தார்கள். மாதா கோவிலில் நன்றிப் பூசை வைத்ததாகவும், கூட்டிலிருந்த எண்மரில் ஒருவனான மீரானின் காயல்பட்டினத்து வீட்டில் நார்சா இனிப்பு விளம்பியதாகவும் மறுசெய்தி வந்தது. ரெஜிலா ஒரு பெரிய பாத்திரம் நிறையப் பாயசம் காய்ச்சினாள்.

பாயசத்தைக் கொண்டுவந்தபோதுதான் அவள் கேப்டனிடம் அந்த ஆறாவது கேள்வியைக் கேட்டு வாங்கினாள். கணவன் கூட்டில் இறங்கியது திங்கட்கிழமை; அதற்கு முதல்நாள் அவர்களுக்குள் சண்டை. தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இன்னொரு மூன்று மாதத்துக்கு ஒப்புக்கொண்டான் என்பது அவள் குறை. பேச்சு முற்றி, முகம் பார்க்காமலேயே அவன் இறங்கிப் போய்விட்டான்.

ஹெப்சிபா எதிர்த்தார். உயிர்காக்கும் கருவியைக் குடும்பச் சண்டைக்குப் பயன்படுத்துவதா என்றார். எல்லாம் நலமாக இருக்கும்போது ஒரு கேள்வி வீணானால் குற்றமில்லை என்று கேப்டன் சிரித்தார். மாலை நான்கு மணிக்கு ரெஜிலா ஒலிபெருக்கியின் முன் குனிந்து, பலர் கேட்பார்களே என்ற கூச்சமில்லாமல், “ஏங்க, எம்மேல இன்னும் கோவமா?” என்று கேட்டாள்.

மற்றப் பதில்கள் ஒரு நிமிடத்துக்குள் வந்தன. இது வர ஆறு நிமிடம் ஆயிற்று. ஹெப்சிபா நேரத்தைக் குறித்துக்கொண்டார். முள் எழுந்து நின்றது.

ஆம். இன்னும் கோபம்தான்.

கேப்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஹெப்சிபா, வந்த ஒளி ‘நிற்பது’ என்றும், பொருள் ‘ஆம்’ என்றும், பதில் தந்தவர் ‘தஸ்நேவிஸ்’ என்றும் எழுதி முடித்துப் பேனாவை நீட்டினார். அப்போதுதான் அவள் மறுத்தாள்.

“இருபத்தஞ்சு வருசமா சண்ட போடுதோம் மேடம். ராச்சாப்பாட்டுக்கு மேல அவியளுக்குக் கோவம் நின்னதே கெடயாது. பசிச்சா கோவம் போயிரும். நா அதுக்குன்னே வெள்ளனச் சோத்த வச்சிருவேன்.”

“அவர் மனசு எனக்குத் தெரியாது ரெஜிலா. எனக்குத் தெரிஞ்சது முள்ளு. முள்ளு ஆம்னு காட்டுது.”

“அப்ப முள்ளு பொய் சொல்லுது.”

“கையெழுத்துதான மேடம், நா போட்டுருதேன்,” என்றார் கேப்டன்.

“கேட்டது நீங்க இல்ல, கேப்டன்,” என்றார் ஹெப்சிபா.

அவர் பதிவேட்டைத் தம் பக்கம் திருப்பினார். முள் பொய் சொல்லாது என்று அவளுக்கு எடுத்துக்காட்டத்தான் திருப்பினார். ஆறு வரிசைகளிலும் எழுத்து கோட்டைத் தாண்டவில்லை, அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. ஓரத்தில் மட்டும் முதல் பதிலுக்கு நேராக ஒரு சிறு குறிப்பு இருந்தது. காலையில் அவரே எழுதியது: ‘முள் பதினொரு பாகை சாய்ந்துள்ளது. கருவி பழையது.’

நிற்கும் ஒளி நேராக நிற்கவில்லை; பதினொரு பாகை சாய்ந்து நின்றது. கிடக்கும் ஒளியும் அதே பதினொரு பாகை விலகிக் கிடந்தது. எது நிற்பது, எது கிடப்பது என்பதில் ஐயம் எழாத அளவுக்குச் சிறிய சாய்வு. ஆனால் பதினோரு ஆண்டுகளில் அந்தக் கருவி இரண்டு பாகைக்கு மேல் சாய்ந்ததில்லை. காரணம் தெரியாத ஒன்றுக்குக் காரணம் எழுதிவைத்திருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

ரெஜிலா நிறுத்தவில்லை. “இன்னைக்கி ஒண்ணுமே சரியில்ல. விடியக்காலம் மொளகாத் தட்ட மேல்தளத்துல காய வச்சேன். அதுக்கப்புறம் இந்த நடுக்கம். என்ன செய்யன்னு தெரியாம அந்தத் தட்டையே மாத்தி மாத்தி வச்சிட்டுக் கெடந்தேன். வெயிலு ஒரு எடத்துல நிக்க மாட்டேன்னுட்டு. வரும், போயிரும், சுத்தி வரும். மூணு தடவ. உங்ககிட்ட வந்து சொன்னதுக்கு, எட்டு உசிரு ஊசலாடுது, மொளகாயப் பத்திப் பேசுதியான்னு ஏசுனீங்க.”

ஹெப்சிபா நிமிர்ந்தார்.

“எத்தனை தடவ?”

“மூணு.”

“எத்தனை மணியிலருந்து எத்தனை மணிக்குள்ள?”

“ஏழு மணி இருக்கும். பத்து மணிக்கு முன்னாடி நின்னுட்டு.”

ஹெப்சிபா கேப்டனைப் பார்த்தார். காலையில் கப்பல் சுற்றியதா என்று கேட்டார். இல்லை என்றார் அவர். ஆறு மணிக்குத் திசை பார்த்தபோது கப்பலின் முகம் தென்கிழக்கே இருந்தது. நடுக்கத்துக்குப் பிறகு இயந்திரம் சிறிது நேரம் நின்றுபோய்க் கப்பல் நீரோட்டத்தில் மிதந்தது உண்மை. ஆனால் பத்து மணிக்குப் பார்த்தபோதும் முகம் தென்கிழக்கேதான் இருந்தது. அன்றைய சுற்று ஏதுமில்லை என்று எழுதியது ஹெப்சிபாவே அல்லவா என்றார்.

“மூணு முழுச் சுத்து சுத்தியிருந்தாலும் பத்து மணிக்குத் தென்கிழக்காத்தான் இருக்கும், கேப்டன்.”

கேப்டனின் கையில் பாயசக் குவளை இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாதவர் போலச் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு அதைக் கையில் பிடித்தபடியே சுக்கான் அறைக்கு ஏறினார். திசைகாட்டியின் போக்கைத் தாளில் இடைவிடாமல் வரையும் கருவி அங்கே உண்டு. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை திசையைக் குறித்தால் போதும் என்ற விதி இருந்ததால் அந்தத் தாளை யாரும் பார்ப்பதில்லை. அந்த விதியும் ஹெப்சிபா எழுதியது. கடல் எவ்வளவு சீறினாலும் நான்கு மணி நேரத்தில் கப்பல் கால் சுற்றுக்கு மேல் திரும்பியதில்லை என்பதால் அப்படி எழுதினார். கடற்படுகை நடுங்கி, மேலே ஒரு பெருஞ்சுழி உண்டாகும் நாளை அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

கேப்டன் இறங்கி வந்து தாளை மேசைமேல் விரித்தார். தாளில் கோடு, ஒரு முழுச் சுற்றுக்கு ஒரு முறையாக, மூன்று முறை ஏறி மூன்று முறை விழுந்திருந்தது. ஏழு மணி பத்து நிமிடத்தில் தொடங்கி ஒன்பதரைக்கு முடிந்திருந்தது.

“எனக்கு விளங்கும்படி சொல்லுங்க, மேடம்,” என்றார்.

ஹெப்சிபா சொன்னார். கப்பல் சுற்றினால் வடம் முறுகும். ஒரு சுற்றுக்கு மேல் முறுக்கு சேர்ந்தால் கப்பலை எதிர்ப்பக்கம் சுற்றி அதை எடுத்துவிடுவது அவர்கள் வழக்கம். வடம் முறுகும்போது உள்ளிருக்கும் கண்ணாடி இழையும் முறுகும்.

“முறுகின கண்ணாடி, தனக்குள்ள போற ஒளியையும் சேத்துத் திருப்பும், கேப்டன். ஈரத் துணியப் பிழிஞ்சா மடிப்புத் திரும்புற மாதிரி. ஆனா முழுசாத் திருப்பாது. நூத்துல ஏழு பங்குக்குக் கொஞ்சம் கூட. ஒரு முழுச் சுத்துக்கு இருபத்தாறு பாகையும் சொச்சமும்.”

“மூணு சுத்துக்கு?”

“எழுபத்தொம்பது.”

“நிக்கற ஒளி படுக்கணும்னா தொண்ணூறு வேணும்.”

“தொண்ணூறுல எழுபத்தொம்பது போக, மிச்சம் பதினொண்ணு.”

ரெஜிலா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பாகைகள் அவளுக்குப் பிடிபடவில்லை, முடிவு பிடிபட்டது. அவள் முகம் மலர்ந்தது.

“அப்ப அவிய இல்லைன்னுதான் சொல்லியிருக்காவ. கோவம் இல்லைன்னு. நாந்தான் சொன்னேன்ல.”

அவர்கள் இருவரின் கண்ணும் முதல் ஐந்து வரிசைகளில் இருப்பதைக் கண்டதும் அவள் பார்வையும் பதிவேட்டின்மேல் இறங்கியது. மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வரிசையாக. அவள் உதடுகள் அசைந்துகொண்டே வந்து நின்றன. ஒரு கை மெல்ல எழுந்து வாயைப் பொத்தியது.

ஆறாவது கேள்வி முடிவுறாமல் கிடக்க, ஏழாவதை ஹெப்சிபா கேட்டார். தாம் எழுதிய விதியைத் தாமே மீறியது அதுவே முதல் முறை. “நித்திலம். கேள்வி எதுவும் இல்ல. தகட்ட நிமிர்த்தி வச்சு ஒளியக் காட்டுங்க. நிக்கற ஒளி மட்டும் வேணும்.” மாதத்தின் முதல் நாளில் மட்டும் செய்துவந்த சோதனை அது. அன்று பத்தொன்பதாம் தேதி. காலையில் முதல் கேள்விக்கு முன் ஒரு முறை செய்திருந்தால் போதும். அவர்களுடைய மூச்சு வீணாக வேண்டாமென்றுதான் செய்யவில்லை.

கீழே தகடு நிமிர்ந்தது. மேலே முள் படுத்தது. பதினொரு பாகை குறைவாக, மிகத் தெளிவாகப் படுத்தது.

எட்டுப் பேரில் எவரோ உயிருடன் இல்லை. நாளை மாலைவரை காற்று போதாது. கூட்டுக்குள் நீர் புகுகிறது. காயம் உண்டு. காத்திருக்க முடியாது. முற்பகல் பத்தரை மணியிலிருந்து கீழே இருந்தவர்கள் இவற்றைத்தான் தளராமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் மேலிருந்து, மகிழ்ச்சி என்று பதில் போயிருந்தது.

எடைகளை விடுவிக்கும் கருவி மறுமூலையில் இருந்தது. கேப்டன் அதை நோக்கி நடந்தார், ஓடவில்லை. அதன் பூட்டைத் திறந்தார். வடத்தை அறுத்துக் கப்பலை விலக்கும்படி சுக்கான் அறைக்கு ஆணையிட்டுவிட்டு எடைகளை விடுவித்தார். கூடு ஏறிவர நாற்பது நிமிடம் ஆகும். கரைக்கு இரண்டாவது செய்தி அனுப்ப வேண்டும்.

“என்னன்னு அனுப்ப மேடம்? எட்டு வீட்லயும் நலம்னு சொல்லியாச்சு. இப்ப எந்த வீடுன்னு சொல்லாம, ஒரு வீட்ல மட்டும் இல்லைன்னா சொல்ல?”

“எத்தனை பேர் இல்லைன்னு நமக்குத் தெரியாது,” என்றார் ஹெப்சிபா. “எட்டுல குறையுதுங்கறதுதான் தெரியும். ஒண்ணாவும் இருக்கலாம், மேலயும் இருக்கலாம். முந்தின செய்தி தவறுன்னு மட்டும் அனுப்புங்க. தவறு எங்களோடதுன்னு சேத்து அனுப்புங்க.”

அந்த நாற்பது நிமிடமும் ரெஜிலா மேல்தளத்தின் விளிம்பில், மிளகாய்த் தட்டுக்கு அருகே நின்றாள். ஹெப்சிபா அவள் அருகில் போய் நின்றார்.

ரெஜிலாவே பேசினாள். “அவிய இருக்காவ மேடம். நாலு மணிக்குக் கோவம் இல்லைன்னு சொல்லியிருக்காவளே. இல்லாதவிய எப்பிடிச் சொல்லுவாவ?” சற்றுப் பொறுத்துக் குரலைத் தாழ்த்தினாள். “வேற யாரு வீட்லயோதான். இப்பிடி நெனைக்கது பாவந்தான். ஆனா நெனைக்கேன்.”

ஹெப்சிபாவும் அதையே நினைத்தார். பதிவேட்டின்படி அது சரியாகவே இருந்தது. அந்த நினைப்பு தந்த ஆறுதலுக்காக அவர் வெட்கப்பட்டார்.

ஐந்தரை மணிக்குக் கடல் வெளுத்துப் பொங்கியது. கப்பலுக்கு இருநூறு மீட்டர் மேற்கே நித்திலம் பக்கவாட்டில் சரிந்தபடி மேலெழுந்தது. படகில் போனவர்கள் மேல்மூடியைத் திறந்தபோது உள்ளே முழங்காலளவு நீர் நின்றது. ஒவ்வொருவராக வெளியே தூக்கினார்கள். ரெஜிலா சத்தமாக எண்ணினாள். ஏழுவரை எண்ணினாள். மூடிக்குள்ளிருந்து அடுத்த தலை எழவில்லை. அவள் எட்டு என்று சொல்லவில்லை; ஏழையே இன்னொரு முறை சொன்னாள்.

காயல்பட்டினத்து மீரானுக்கு வயது முப்பதுக்குள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு சைகை அறையின் வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து விளக்கைச் சுழற்றியவன் அவன்தான். உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. மருத்துவர் கட்டுப்போட வந்தபோதும், முதலில் மேடத்திடம் பேச வேண்டும் என்றான்.

நடுக்கத்தில் மின்கலங்களின் அடுக்கு சரிந்து தஸ்நேவிஸின் நெஞ்சின்மேல் விழுந்தது. ஆறு முப்பத்தைந்துக்கு மூச்சு நின்றது. கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்தவனும் மீரானே. முதல் கேள்வி வந்தபோது, எட்டுப் பேராக இல்லை என்று தகட்டைப் படுக்க வைத்துச் சுழற்றினான்.

“நாங்க இல்லைன்னு சொல்லுதோம், நீங்க மகிழ்ச்சின்னு சொல்லுதீங்க. காத்து பத்தாதுன்னு சொல்லுதோம், அதுக்கும் மகிழ்ச்சி. தகட்டத் தப்பா வைக்கேனோன்னு நாலு பேர் நின்னு பாத்தாங்க. சரியாத்தான் வச்சிருந்தேன். நாளைக்கு வாரோம், பொறுத்திருங்கன்னுட்டீங்க. மேல இருக்கறது நம்ம ஆளுகதானான்னு ஒருத்தர் கேட்டாரு, மேடம். நாங்க யாரும் பதில் சொல்லல.”

ஹெப்சிபா அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அவர் தரையில் உட்கார்ந்து அந்தக் கப்பலில் எவரும் பார்த்ததில்லை.

“ஆறாவது கேள்வி?”

மீரான் கம்பளியை இழுத்து மூடிக்கொண்டான். “அண்ணியோட குரல் செவுரு முழுக்கக் கேட்டுச்சு. அண்ணனப் பக்கத்துலதான் படுக்க வச்சிருந்தோம். ஏங்க, எம்மேல இன்னும் கோவமான்னு கேக்காங்க. நாங்க ஏழு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டே இருந்தோம். என்ன செய்ய? நாந்தான் தகட்டப் படுக்க வச்சேன். இல்லைன்னு.”

“உனக்கு எப்படித் தெரியும்? கோபம் இல்லைன்னு?”

அவன் சொன்னான். ஹெப்சிபா குறுக்கிடாமல் கேட்டார். பிறகு கட்டுப்போட அனுப்பிவைத்தார்.

மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன் ரெஜிலா தானாகவே சைகை அறைக்கு வந்தாள். இரவு முழுவதும் கணவனின் அருகே இருந்தவள். சேலை மாற்றியிருந்தாள். முகத்தில் ஒன்றுமில்லை.

“அந்த நோட்டு எங்க, மேடம்?”

அது மேசைமேல் விரிந்தே இருந்தது. முதல் ஐந்து வரிசைகளையும் ஹெப்சிபா இரவிலேயே திருத்தியிருந்தார். தவறானதன்மேல் ஒரே கோடு, அதற்குமேல் சரியானது, பக்கத்தில் தம் முதலெழுத்து. அவற்றின் அருகே கேப்டன் மீண்டும் கையொப்பமிட்டிருந்தார். ஓரத்தில் ‘கருவி பழையது’ என்பதை அடித்து, ‘விதி தவறு, எழுதியவர் ஹெப்சிபா’ என்று குறித்திருந்தார். நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையிலும் அதே சொற்கள்தான் இருந்தன.

ரெஜிலா ஆறாவது வரிசைக்கு வந்தாள். ‘ஆம்’ என்பது அடிக்கப்பட்டு ‘இல்லை’ என்றிருந்தது. அவள் விரல் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்து நின்றது. தஸ்நேவிஸ் என்ற பெயரின்மேல் ஒரு கோடு. மேலே, மீரான்.

“அவிய பேர அடிச்சிட்டீங்க.”

“பதில் தந்தது அவர் இல்ல, ரெஜிலா.”

“அவிய எத்தன மணிக்குப் போனாவ?”

“ஆறு முப்பத்தஞ்சு.”

“நா கேட்டது நாலு மணிக்கு.”

“ஆமா.”

அவள் மீரானின் பெயர்மேல் விரலை வைத்தாள். “அவனுக்கு என்ன தெரியும்? பாவம், எனக்காகப் பொய் சொல்லிட்டான்.”

“பொய்யா இருந்தா நான் அந்தப் பதிலையே அடிச்சிருப்பேன்,” என்றார் ஹெப்சிபா. “திங்கக்கிழமை ராத்திரி சாப்பிடறப்ப, உங்க சண்டைய அவர் எல்லாருக்கும் நடிச்சுக் காட்டினாராம்.”

“எப்பிடி?”

ஹெப்சிபா தயங்கினார். எவரையும் போல நடித்துக் காட்டும் பழக்கம் அவருக்கில்லை. ஆயினும் கேள்விக்குச் சரியான பதில் அதுவாகவே இருந்தது. அளவுகோலை எடுத்துக் கரண்டியைப் போல் இடுப்பில் ஊன்றிக்கொண்டார். “‘போங்க, போய் மீனோட குடும்பம் நடத்துங்க. அதுகளாவது ஒங்க பேச்சக் கேக்கும்.’”

ரெஜிலாவின் தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று ஹெப்சிபாவால் நிச்சயிக்க முடியவில்லை.

“நா சொன்னதுதான். அச்சு அசல் அதுதான்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “சிரிச்சாவளா?”

“அவர்தான் ரொம்பச் சிரிச்சாராம். மேல போனதும் மொத வேலையா ஒன்கிட்டத் திட்டு வாங்கணும்னு சொன்னாராம்.”

ரெஜிலா கையை நீட்டினாள். ஹெப்சிபா பேனாவைக் கொடுத்தார். அவள் பதிலை ஒரு முறை வாய்க்குள் படித்தாள். மீரானின் பெயரையும் படித்தாள். கட்டத்துக்குள் அடங்குமாறு, நிதானமாகக் கையெழுத்திட்டாள். பிறகு காலைச் சாப்பாட்டுக்கு ஏழு பேருக்குக் கஞ்சி வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

ஆறாவது கேள்வி முடிந்தது. இனி ஏழாவதை முடிக்கலாம். நிற்கும் ஒளியைக் காட்டச் சொன்னவர் ஹெப்சிபா, கையொப்பமும் அவருடையதே. பதினோரு ஆண்டுகளாகக் கோட்டின்மேல் நேராக நின்ற அந்தக் கையொப்பம் அன்று ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. அவர் அதைச் சற்று நேரம் பார்த்தார். திருத்தவில்லை. ஓரத்தில் காரணம் எதையும் எழுதவில்லை.